புறப்பட்ட மைதானத்துக்கே தபால்

வராது. அந்த ஹெலிகாப்டர் வந்தாலும் என்னத்தைக் கிழிக்கப்போகிறது. இந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு தபால் பையை ஏற்றிக்கொண்டு, துறைமுகத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, இதே மைதானத்தில் இறக்கிவிடப்போகிறது. அதற்குத்தான் இந்தச் சாமியானா, கரகரவென்று இருமுகிற இந்த மைக், கல்யாண மண்டபத்திலிருந்து வந்த நாற்காலிகள், வேகாத வெயிலில் பல் டாக்டர் எபனேசரின் கழுத்தில் ஒரு டை. தூத்துக்குடியில் எங்களைப் போலத் தபால்தலையும் கவரும் சேர்க்கிறவர்கள் வைத்திருக்கிற கழகத்துக்கு அவர்தான் தலைவர். கடலில் எண்ணெய் தேடுகிற ஏதோ ஒரு கம்பெனியின் ஹெலிகாப்டர் மதுரையிலிருந்து இந்தப் பக்கம் வருகிறதென்று கேள்விப்பட்டு, யார் யார் காலையோ பிடித்து, கழகத்துக்காகக் கொஞ்ச நேரம் ஒதுக்க வைத்துவிட்டார். 'முதல் ஹெலிகாப்டர் தபால்' என்று கவரும் அச்சடித்தாயிற்று. எதற்கு முதல், எந்த ஊருக்கு முதல் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள். முதல் என்று அச்சில் இருந்தால் போதும், இவர்களுக்கு வாயில் எச்சில் ஊறிவிடும். எனக்கு மட்டும் என்ன, ஊறாமலா இருக்கிறது? ராத்திரி முழுக்க ஐஸ் ஃபாக்டரியில் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுக்காமல், கையில் அமோனியா நாற்றத்தோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். கண்ணுக்குள் மணல். தூக்கம் கெட்டவனுக்கு வெயில் மஞ்சளாகத் தெரியாது, வெள்ளையாகத் தெரியும், பனிக்கட்டி அறையின் கதவைத் திறந்தால் வருகிற புகை மாதிரி. அந்தப் புகைக்குள் கழகத்து முகங்கள் ஒவ்வொன்றும் ஊறவைத்த கொண்டைக்கடலையாக உப்பிப்போய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மேஜைமேல் அந்தப் பை. வாய் கட்டி, அரக்கு வைத்து. அதற்குள் இவர்களுடைய கவர்களுக்கு நடுவே என்னுடையதும் ஒன்று.

கவர் சேர்ப்பது என்றால், பழைய கடிதங்களைப் படித்துக் கண்ணீர் விடுகிற காரியம் என்று வெளியில் இருக்கிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடிதமாவது கத்தரிக்காயாவது. எந்தக் கவருக்குள்ளும் ஒன்றும் கிடையாது. முத்திரை குத்தும்போது மசி இழுபடாமல் சமமாக விழ வேண்டும் என்று உள்ளே ஒரு வெற்று அட்டையைச் செருகுவோம், அவ்வளவுதான். முகவரி? அவனவன் தன் முகவரியையே எழுதிக்கொள்வான். டாக்டர் எபனேசர் டாக்டர் எபனேசருக்கு அனுப்புவார். சுங்க ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்ற மச்சாடோ மச்சாடோவுக்கு அனுப்புவார். அதுவும் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தால் மூலை மடங்கிவிடுமாம், கைரேகை விழுந்துவிடுமாம். அதனால் ஹெலிகாப்டர் இறங்கியதும் பையை இங்கேயே பிரித்து, பேர் வாசித்து, கையிலேயே திருப்பித் தந்துவிடுவார்கள். கையால் போட்டதைக் கையாலேயே வாங்கிக்கொள்ள வேண்டியது, நடுவில் கொஞ்சம் ஆகாயம். என்ன ஜன்மங்கள். ஆனால் இந்த ஏற்பாடு இல்லையென்றால் நான் எழுதியிருப்பேனா என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. சாத்தூருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று தைப் பொங்கலிலிருந்து நினைக்கிறேன், ஆடி பிறந்துவிட்டது. வேலைக்குப் போகும் வழியில் சிவப்புப் பெட்டி இருக்கிறது. அதன் வாயில் போட்டுக் கையை விட்ட அந்த நிமிஷத்தோடு எல்லாம் முடிந்துபோகும். விட்ட பிறகு பெட்டிக்குள் கையை நுழைத்துத் துழாவவா முடியும்? இந்தப் பை அப்படியில்லை. போட்ட மாதிரியும் இருக்கும், போடாத மாதிரியும் இருக்கும். அதனால்தான் போன வாரம் டாக்டரின் கிளினிக்கில் வைத்திருந்த பெட்டியில், பல் வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒருவரும் பார்க்காதபோது போட்டேன். வெற்று அட்டையில்லை. அட்டையில் எழுதியிருக்கிறேன். பகல் வேலைக்கு மாறிக்கொண்டுவிட்டேன், வா. அவ்வளவே. மாறவில்லை இன்னும். மானேஜர் சொல்லியிருக்கிறார், பகலில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிற இடத்தை மேற்பார்க்க ஆள் வேண்டும், வருகிறீரா என்று. நாளைக்குள் சொல்லாவிட்டால் அவர் மச்சினனைப் போட்டுவிடுவார். கவர் கைக்குத் திரும்பினால் நான் மானேஜரிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சாத்தூருக்குப் போய்விட்டால் சொல்லியே ஆக வேண்டும். திருமதி பா. குருவம்மாள், மேற்பார்வை சீனிராஜ், தீப்பெட்டி ஆபீஸ், சாத்தூர். என் மனைவி பெயரை ஒரு கவரில் எழுதியது இதுதான் முதல் தடவை. இதற்கல்லவா 'முதல்' என்று அச்சடிக்க வேண்டும், முட்டாள்கள்.

"என்னவே பால்வண்ணம், உருகிராம வந்து சேந்தீரா?" மச்சாடோ. பக்கத்து நாற்காலியில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு உட்காருகிறார், நாற்காலி ஐயோ என்கிறது. உருகாமல் வந்ததைத் தினமும் விசாரிக்காவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. "வந்துட்டேன் அண்ணாச்சி." "எத்தன கவரு போட்டீரு?" "சும்மா ஒண்ணு." "ஒண்ணா? நான் ஒரு டஜன் போட்டிருக்கேன். பாதியை பெல்ஜியத்துல கவர் சேக்குத ஒருத்தனுக்கு மாத்தி விட்டுருவேன்." அப்புறம் குரலைத் தணித்து, அதாவது மூன்று வரிசைக்குக் கேட்கிற மாதிரி, "வீட்ல வந்துட்டாகளாவே? இல்ல இன்னும் அண்ணன் வீட்ல தீக்குச்சி அடுக்குதாகளா?" என்கிறார். பின்னால் ஒருவன் சிரிக்கிறான். வந்துருவா என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா தெரியவில்லை. அதற்குள் அவர் அந்தப் பக்கம் திரும்பி வேறொருவரிடம் ஸெப்பலின் கவர் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஸெப்பலின். இந்த ஊரில் யாரிடம் ஸெப்பலின் கவர் இருக்கிறது? ஒருவரிடமும் இல்லை, ஆனால் எல்லாரும் பேசுவார்கள். அந்தக் காலத்தில் பெரியதாக, சுருட்டுப் போல, கடல் தாண்டிப் போன ஆகாயக்கப்பலைப் பற்றிப் பேசினால் தாங்களும் தாண்டிவிட்ட மாதிரி. என்னுடைய ஹெலிகாப்டர் கவர்களைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். எங்கே போயிற்று இது? விமான நிலையத்திலிருந்து தபாலாபீஸ் மொட்டைமாடிக்கு. இதற்கா ஒரு தகர டப்பா, அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், ஒவ்வொரு கவருக்கும் ஒரு வெண்ணெய்த்தாள்? ஆமாம், இதற்குத்தான். இங்கிலாந்தில் ஏதோ வயல்காட்டு ஊர்களுக்கு நாற்பத்தெட்டில் போன கவர் வைத்திருக்கிறேன், லாஸ் ஏஞ்சல்ஸ் மொட்டைமாடியில் இறங்கியது வைத்திருக்கிறேன், பெல்ஜியத்து லியேஜ் நகரத்துக்காரர் ஒருவர் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டது வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, இந்தக் கவர்களின் முதுகில்தான் எழுத்துக்கூட்டினேன். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்த ஒற்றை டியூப் லைட்டின் கீழே, ஊரே வாயைத் திறந்து குறட்டை விடும் நேரத்தில், லியேஜ் என்பதை எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்த சுகம் இந்தப் பகல் மனிதர்களுக்குத் தெரியுமா? பகல் என்பது சத்தமும் வியர்வையும். படகுக்காரன் ஐஸ் குறைகிறதென்று கத்துவான், லாரிக்காரன் நேரமாகிறதென்று கத்துவான், நடுவில் நான் நின்று கொண்டு, குச்சியோடு, ஏ ஏ அங்க வை என்று. அந்த அட்டையில் எழுதினவன் யார்? நானா?

அந்த லியேஜ் கவரை ஒருநாள் குருவம்மாளிடம் காட்டினேன். என்ன புத்தியோ. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள், விரல் காய்ந்ததா என்று பார்த்தேன். "உள்ள என்ன எழுதியிருக்கு?" "ஒண்ணும் எழுதல. அட்டைதான்." "அப்ப எதுக்கு அனுப்புனாக?" "ஹெலிகாப்டர்ல போகணும்னு." "யாரு போகணும்னு, அந்த மனுசனா?" "கவரு." "கவரு போகணும்னா!" என்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், சிரித்துச் சிரித்து அடுக்களைச் சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வந்து, கவர் கையில் ஆடுகிறது, நான் கவரைப் பார்க்கிறேன், மூலை, மூலை என்று. பிடுங்கிக்கொண்டேன். சிரிப்பு அப்படியே நின்றது. மின்விசிறியை அணைத்தால் இறக்கை கொஞ்சம் சுற்றிவிட்டு நிற்கும், அந்த மாதிரிகூட இல்லை, சட்டென்று. அந்த வீட்டில் அவள் சிரித்தது அபூர்வம், ஏனென்றால் பகலில் நான் தூங்க வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. ரேடியோ கிடையாது. குக்கர் விசில் அடித்தால் விழித்துக்கொள்வேன் என்று, சீதனமாக வந்த குக்கரைப் பரண்மேல் போட்டுவிட்டு, பானையில் வடித்தாள். கொலுசு போடுவதை விட்டாள். காய்கறிக்காரி வாசலில் கூவ வந்தால் வாயில் விரலை வைத்துக்கொண்டு ஓடுவாள், நான் ஜன்னல் துணியின் ஓட்டை வழியாகப் பார்த்திருக்கிறேன், தூங்காமல். தூக்கம் வராத நாளிலும் தூங்குகிற மாதிரிப் படுத்திருப்பேன், எழுந்தால் பேச வேண்டியிருக்கும். போகும்போது சண்டை போட்டுவிட்டா போனாள்? சண்டைக்குச் சத்தம் வேண்டுமே. பொங்கலுக்கு அண்ணன் கூப்பிட்டிருக்கிறான் என்று பையை எடுத்து வைத்துக்கொண்டு, "அங்க போயி கொஞ்ச நாளு சத்தமா இருந்துட்டு வாரேன்" என்றாள். நான் வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டேன். இருக்கிறாள், இன்னும். தீப்பெட்டி ஆபீஸில் பெண்கள் வாய் ஓயாமல் பேசுவார்களாம், ரேடியோ பாடுமாம், அவள் அண்ணன் சீனிராஜுக்கும் இடி மாதிரித் தொண்டை. அவன் கையில் கவர் கிடைத்தால்? கிடைக்கத்தான் செய்யும், ஆபீஸ் முகவரி. படம் போட்ட கவர், ஹெலிகாப்டர் முத்திரை, மாப்பிள்ளைக்கு முற்றிவிட்டது என்று அத்தனை பெண்களுக்கும் நடுவில் உரக்கப் படிப்பான். அவளும் சிரிப்பாளா? சிரித்தால் எந்தச் சிரிப்பு? வேண்டாம். பேர் வாசிக்கும்போது வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடுவேன். மடிக்கமாட்டேன். மூலை.

வருகிறது. முதலில் காதுக்கு இல்லை, நெஞ்சுக்குத்தான் தெரிகிறது, கம்ப்ரசருக்கு பெல்ட் மாட்டி ஓட்டிவிடும்போது வருகிற அதிர்வு. பிறகு தென்னைகளுக்கு மேலே, தும்பியும் இல்லை பறவையும் இல்லை, ஒரு கொழுத்த கண்ணாடி மண்டை. கூட்டம் முழுவதும் எழுந்து ஓவென்று கத்துகிறது. பள்ளிக்கூடச் சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் உள்ளே குதித்து மைதானத்தின் நடுவுக்கே ஓடுகிறார்கள். யாரோ ஒருவருடைய எருமைகளும் கூடவே. எபனேசர் மைக்கில், "தயவுசெய்து மையத்தை விட்டு விலகுங்கள், மையத்தை விட்டு" என்கிறார், அவர் குரலை ஹெலிகாப்டர் தின்றுவிடுகிறது. அது நிற்கிறது. ஐயோ, நிற்கிறது. இத்தனை வருஷம் படத்தில் பார்த்தது, முத்திரையில் பார்த்தது. விமானத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை, இது மட்டும் ஆகாயத்தில் ஏறி, எங்கும் போகாமல், அப்படியே நிற்கும். எனக்கு ஏன் பிடித்துப்போயிற்று என்று இப்போது பார்க்கும்போது தெரிகிறது, பார்க்காமலே இருந்திருக்கலாம். மண் எழும்புகிறது. சாமியானாவின் ஒரு பக்கம் கழன்று மச்சாடோவின் தலையில் விழுகிறது. வாயெல்லாம் மண், கண்ணெல்லாம் மண், நாற்காலிகள் தாமாகவே நடக்கின்றன. உள்ளே இருப்பவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறான், கீழே எருமைகளைப் பார்க்கிறான், கையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறான். இறங்கமாட்டானாம். ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டு போயேவிட்டான். மண் அடங்க ரொம்ப நேரமாகிறது. பை மேஜைமேல் இருந்த இடத்தில் இருக்கிறது. அரக்கின் மேல் தூசி.

எபனேசர் டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, சொத்தையைப் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுகிறவரின் அதே இதமான குரலில், "பதற்றப்பட வேண்டாம், கவர்கள் செல்லும்" என்கிறார். "எப்படி செல்லும் டாக்டர்? ஏறவேயில்லயே?" என்று ஒருவன். "பை கீழ இருந்துச்சு, ஹெலிகாப்டர் நேர் மேல இருந்துச்சு. நடுவுல என்ன, காத்துதானே? அந்தக் காத்து பையில பட்டுச்சா இல்லையா?" "பட்டுச்சு டாக்டர்," என்கிறார் மச்சாடோ, சாமியானாவுக்குள்ளிருந்து வெளியே வந்தபடி. "என் வேட்டிக்குள்ளயும் பட்டுச்சு. அதுக்கும் ஒரு முத்திரை குத்தித் தாரும்." சிரிக்கிறார்கள். சிரித்து முடிந்ததும் சரி என்றாகிவிடுகிறது, எனக்குத் தெரியும், இந்தக் கூட்டத்தில் எல்லாமே அப்படித்தான் சரியாகும். வேறு என்ன செய்வார்கள்? 'ஹெலிகாப்டரில் எடுத்துச் செல்லப்பட்டது' என்ற ரப்பர் முத்திரையை நேற்றே கிளினிக்கில் உட்கார்ந்து குத்தித் தள்ளியாயிற்று. பறப்பதற்கு முந்தின நாளே பறந்துவிட்ட கவர்கள். பறந்ததா பறக்காததா என்று பார்க்க நான் பூதக்கண்ணாடியோடு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன், மசியின் நிறம், பின்முத்திரையின் தேதி. பறக்காததைப் பறந்ததென்று எழுதின ஒருவனோடு எட்டு வருஷமாகக் கடிதப் போக்குவரத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். இப்போது எழுந்து, டாக்டர் இது பொய் என்று சொல்ல வேண்டியவன் நான்தான். நாக்கில் மண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் என் கவரின் மேலேயும் அந்தப் பொய் இருக்கிறது, உள்ளே அட்டையில் இன்னொன்று இருக்கிறது, மேலே இருப்பதை மறுக்கிறவன் உள்ளே இருப்பதை என்ன செய்வான்? கழகத்தை விடக் கேவலமானவன் ஒருவன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

தபாலாபீஸிலிருந்து வந்த ஆவுடையப்பன் அரக்கை உடைக்கிறார். அவருக்கு இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கெட்டுப்போன காரியம், மேலதிகாரி போ என்றார், வந்தார். கட்டைப் பிரித்து வாசிக்கிறார். "டாக்டர் எபனேசர். டாக்டர் எபனேசர். இதுவும் டாக்டர் எபனேசர்." எபனேசர் ஒவ்வொன்றையும் விரல் நுனியால், குழந்தையின் பல்லைப் போல, வாங்கிக்கொள்கிறார். "சி. மச்சாடோ. சி. மச்சாடோ. சி. மச்சாடோ." "இருக்கேன், இருக்கேன், செத்துரல, மொத்தமாத் தாரும்வே." தங்கள் பேரைத் தாங்களே கேட்டு, எழுந்து போய், தங்களைத் தாங்களே வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ரேஷன் வரிசையில் கூட இன்னொருத்தருக்குச் சேர்த்து வாங்குவதுண்டு. அடுத்தது, அடுத்தது. என்னுடையது வந்ததும் வாங்கி மடிக்காமல் எடுத்துக்கொண்டு போகிறேன். போய்ப் படுக்கிறேன். கறுப்புத் துணி, தலையணை. நாளைக்கு மானேஜர் கேட்டால் ராத்திரியே இருக்கட்டும் என்றால் முடிந்தது, மச்சினன் பிழைத்துப்போகட்டும். டப்பாவில் லியேஜ்காரருக்குப் பக்கத்தில் வைத்தால் அளவுகூடச் சரியாக இருக்கும். "பா. குருவம்மாள்," என்கிறார் ஆவுடையப்பன்.

ஒரு பெண் பேர். அந்த இடத்தில் அது மேடையில் யாரோ வெண்கலப் பாத்திரத்தைப் போட்டுவிட்ட மாதிரி விழுந்தது. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், கூட்டத்தில் ஒரு பெண்ணும் கிடையாது. "குருவம்மாள், சாத்தூர். யாருங்க?" கையைத் தூக்கு. கை தொடைமேல் இருக்கிறது, அது என்னுடையதுதான், மணிக்கட்டில் அமோனியா பட்ட வடு. தூக்கினால் சிரிப்பார்கள், அது ஒன்றும் புதிதில்லை, ஒரு நிமிஷம், பிறகு கவர் கையில் இருக்கும். மச்சாடோவுக்கு என் மனைவி பேர் தெரியாது, அவருக்கு 'வீட்ல' என்றுதான் தெரியும். அவர் கழுத்தை நீட்டிக் கவரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "உம்ம கவரு எங்கவே? எல்லாருக்கும் வந்துட்டுல்லா?" "போடல அண்ணாச்சி." "இப்பத்தான ஒண்ணுன்னீரு?" "போடணும்னு நெனச்சேன். போடல." "கவரு போடாம மண்ணு திங்க வந்தீராக்கும்," என்று சொல்லிவிட்டு உரக்கச் சிரிக்கிறார், அவர் சிரித்தால் வரிசை சிரிக்கிறது, நானே என்னைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை, இருந்தாலும் பல்லைக் காட்டுகிறேன். எபனேசர் நெருங்கி வந்து, "உள்ள ஏதோ எழுதின மாதிரி இருக்கே, யாரோ விஷயம் தெரியாத ஆள்" என்று உதட்டைச் சுழிக்கிறார். "தபால்ல போனா பாழாயிரும். யாராவது வச்சுக்கிடுங்க." ஒருவரும் கை நீட்டவில்லை, இன்னொருத்தி பேர் போட்ட கவரை எவன் டப்பாவில் வைப்பான்? "உரியவங்க இல்லைன்னா சாதாரணத் தபால்ல போயிரும் சார், அதான் ரூல்," என்று ஆவுடையப்பன் அதைப் பைக்குள்ளேயே திருப்பிப் போட்டார். இங்கே பந்தலில் வைத்திருந்த பெட்டியில் யார் யாரோ போட்ட கார்டுகளையும் இன்லாண்டுகளையும் அதன்மேலே கொட்டினார்.

கூட்டம் கலைகிறது. நாற்காலிக்காரன் எங்களுக்கு அடியிலிருந்தே நாற்காலிகளை உருவுகிறான். நான் போயிருக்க வேண்டும். போகாமல் மேஜைக்குப் பக்கத்தில் எதற்கு நிற்கிறேன்? ஆவுடையப்பன் சணல் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் பையின் வாயை ஒடுக்கப் பார்க்கிறார், காற்று அதை மறுபடி மறுபடி திறந்துவிடுகிறது. "அண்ணாச்சி, செத்த இதப் புடிங்களேன்." பிடித்தேன். இரண்டு கையாலும். வாய் திறந்திருந்தபோது உள்ளே தெரிந்தது, கார்டுகளுக்கு நடுவில் ஹெலிகாப்டரின் வால், என் கையெழுத்தில் சாத்தூரின் 'சா', அதற்குப் பக்கத்தில் ஒரு புழுதித் திட்டு. கையை உள்ளே விட்டால் எடுத்துவிடலாம், ஒரு விரலும் கட்டைவிரலும் போதும், அவர் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். படகுக்காரன் கத்துவான். லாரிக்காரன் கத்துவான். பகலெல்லாம் வெயில், ராத்திரியில் மனுஷர்கள் தூங்குகிற நேரத்தில் தூக்கம் வராமல் அவள் பக்கத்தில் விழித்துக்கொண்டு கிடப்பேன், டியூப் லைட் இல்லாமல், லியேஜ் இல்லாமல். அவள் வராவிட்டாலோ, அதுவும் இல்லை, இதுவும் இல்லை, குச்சியோடு நின்று கத்த வேண்டியதுதான். மூலை மடங்குகிறது, பார்த்தேன், கண் முன்னாலேயே ஒரு கார்டு அதன் மேல் சாய்ந்து மூலையை மடக்குகிறது. கோணித்துணியை இன்னும் ஒடுக்கினேன். அவர் சுற்றுகிறார், சுற்றி இறுக்குகிறார், முடிச்சுப் போடுகிறார், என் விரல் மேலேயே ஒரு சுற்று. "போதும் அண்ணாச்சி, கட்டியாச்சு. கைய எடுங்க," என்றார். காதில் விழுந்தது. நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.